37–0: ஹோல்டன்ஸ்டெட் அணியின் ஒருதலை வெற்றி – ஒரு நிகழ்வு ஆய்வு

ஜெர்மனியின் லோயர் சாக்சனி மாநிலத்தில் யூல்ட்சன் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. அந்நகரின் புறப்பகுதிகளைச் சேர்ந்த இரண்டு பொழுதுபோக்குக் கால்பந்து அணிகள் 2020 செப்டம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை அன்று தங்கள் வட்டார லீக்கில் மோதின. முடிவில் எஸ்.வி. ஹோல்டன்ஸ்டெட் கழகத்தின் இரண்டாம் அணி 37 கோல்கள் போட்டிருந்தது, எஸ்.ஜி. ரிப்டோர்ஃப்/மோல்ட்சன் கூட்டுக் கழகத்தின் இரண்டாம் அணி ஒரு கோலும் போடவில்லை. வழக்கமாக உள்ளூர் நாளிதழின் கடைசிப் பக்கத்தைத் தாண்டாத ஆட்டம் அது. சில நாள்களுக்குள் அது பிபிசி, ஈஎஸ்பிஎன் போன்ற நிறுவனங்களின் செய்தியாகி உலகத்தைச் சுற்றி வந்தது. கொரோனாவுக்குப் பயந்து எதிரணியை நெருங்காமலே ஆடித் தோற்றவர்கள் என்ற வேடிக்கைதான் பெரும்பாலும் அச்செய்திகளில் முன்னால் நின்றது.

வேடிக்கையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ஆராயத் தக்க இரண்டு கேள்விகள் இதில் இருக்கின்றன. விரும்பாத ஓர் அணி ஏன் மைதானத்துக்கு வந்தது என்பது ஒன்று. வந்த பிறகு விழுந்த கோல்களின் எண்ணிக்கை ஏன் 10 ஆகவோ 100 ஆகவோ இல்லாமல் 37 ஆக இருந்தது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கான விடை போட்டி விதிகளில் இருக்கிறது. இரண்டாவது சற்று விரிவாகப் பேச வேண்டியது; ஏனென்றால் ஓர் ஆட்டம் நேர்மையாக ஆடப்பட்டதா, இல்லையா என்பதைக்கூட அந்த எண் ஓரளவு சொல்லிவிடுகிறது.

அணிகளும் அவை ஆடிய படிநிலையும்

ஜெர்மானியக் கால்பந்தின் உச்சியில் புண்டஸ்லிகா இருக்கிறது. அதன் கீழே இரண்டாம், மூன்றாம் தேசிய லீக்குகள், பிறகு மண்டல லீக், மாநில லீக்குகள், மாவட்ட லீக்குகள் என்று படிப்படியாக இறங்கி வந்தால் பதினொன்றாம் படியில் இந்த வட்டாரப் பிரிவு வருகிறது. இங்கே ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. வாரம் முழுவதும் பட்டறையிலோ, பண்ணையிலோ, அலுவலகத்திலோ வேலை பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பூட்ஸ் மாட்டிக்கொள்கிறவர்கள் இவர்கள். திங்கட்கிழமை காலை மறுபடியும் வேலைக்குப் போயாக வேண்டும்.

‘எஸ்.ஜி.’ என்ற முன்னொட்டு கூட்டு அணியைக் குறிப்பது. ஓர் ஊருக்குள்ளேயே பதினொரு பேரைத் திரட்ட முடியாத நிலையில் பக்கத்துப் பக்கத்து ஊர்கள் சேர்ந்து ஓர் அணியை அமைப்பது ஜெர்மானிய நாட்டுப்புறத்தில் சாதாரண வழக்கம். ரிப்டோர்ஃபும் மோல்ட்சனும் அப்படிச் சேர்ந்தவை. இரு தரப்பும் இறக்கியவை இரண்டாம் அணிகள். பொதுவாக இத்தகைய அணியில் முதல் அணியில் இடம் கிடைக்காதவர்கள், வயது ஏறியவர்கள், காயம் ஆறித் திரும்பியவர்கள் ஆகியோர் இருப்பார்கள். ஹோல்டன்ஸ்டெட், ரிப்டோர்ஃப், மோல்ட்சன் மூன்றுமே யூல்ட்சன் நகராட்சிக்குள் அடங்கிய பகுதிகள். அந்நியர்கள் மோதிய ஆட்டமாக இதைப் படித்தால் பாதி புரியாது. தொலைபேசியில் ஒரு வார்த்தை பேசித் தீர்த்துக்கொள்ளக் கூடிய தொலைவில் வாழ்கிறவர்களிடையே, பேசியும் தீராமல் போன விவகாரம் இது.

தள்ளிவைக்கக் கோரியதும் மறுக்கப்பட்டதும்

2020 மார்ச்சில் கொரோனா காரணமாக ஜெர்மனி முழுவதும் அமெச்சூர் கால்பந்து நின்றது. கோடைக்குப் பிறகு, சுகாதார நெறிமுறைகளோடு புதிய பருவம் தொடங்கியது. தடுப்பூசி அப்போது வந்திருக்கவில்லை. அதற்கு டிசம்பர் கடைசி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மைதானத்துக்கு வெளியே ஒன்றரை மீட்டர் இடைவெளி கட்டாயமாக இருந்தது. மைதானத்துக்குள்ளோ தோளோடு தோள் மோதலாம். அன்றைய நடைமுறையில் இருந்த இந்த முரண் அமெச்சூர் ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தும் ஆடினார்கள், ஆட ஆசைப்பட்டதால்.

ஹோல்டன்ஸ்டெட் ஆட்டக்காரர்கள் முந்தைய ஓர் ஆட்டத்தில் ஒருவரோடு தொடர்பில் இருந்தார்கள், அவருக்குப் பின்னர் தொற்று உறுதியானது என்ற செய்தி ரிப்டோர்ஃபுக்கு எட்டியது. ஹோல்டன்ஸ்டெட் ஆட்டக்காரர்களுக்குப் பரிசோதனை நடந்தது. தொற்று இல்லை என்று முடிவு வந்தது. ஆனால் தொடர்பு ஏற்பட்ட நாளிலிருந்து 14 நாள்கள் கடந்திருக்கவில்லை. இதைச் சுட்டிக்காட்டி, ஆட்டத்தை வேறொரு நாளுக்குத் தள்ளிவைக்குமாறு ரிப்டோர்ஃப் கேட்டது. கோரிக்கை ஏற்கப்படவில்லை.

இந்த இடத்தில் ஒரு தரப்பைப் பயந்தாங்கொள்ளியாகவும் மறுதரப்பைப் பொறுப்பற்றதாகவும் காட்டுவது எளிது, இரண்டும் சரியல்ல. பரிசோதனை என்பது மாதிரி எடுத்த நாளில் உடலில் கண்டுபிடிக்கத் தக்க அளவில் வைரஸ் இருக்கிறதா என்பதை மட்டுமே சொல்லும். தொற்றிய முதல் சில நாள்களில் முடிவு ‘இல்லை’ என்று வந்து, பிறகு ‘உண்டு’ என்று மாறுவது நடக்கக் கூடியதுதான். நெருங்கிய தொடர்பில் இருந்தவர்களை அன்றைக்கு 14 நாள் தனிமைப்படுத்தியதன் காரணமே இதுதான். ஆகவே ரிப்டோர்ஃபின் தயக்கத்துக்கு மருத்துவ அடிப்படை இருந்தது. மறுபுறம், ஜெர்மானிய நோய்த்தடுப்பு அமைப்பு அன்று நெருங்கிய தொடர்பை வரையறுக்கப் பயன்படுத்திய அளவுகோல், மொத்தத்தில் 15 நிமிடமாவது முகத்துக்கு முகம் நின்றிருக்க வேண்டும் என்பது. திறந்தவெளியில் ஓடி ஓடி ஆடும் கால்பந்தில் அந்த அளவு நெருக்கம் சேருவது அரிது. முடிவும் சாதகமாக வந்திருக்கையில், ஆட்டத்தை நிறுத்தக் காரணமே இல்லை என்று ஹோல்டன்ஸ்டெட் பயிற்சியாளர் சொன்னதைப் பொய் என்று தள்ள முடியாது. இரு தரப்பும் ஏதோ ஓர் அதிகாரபூர்வமான அளவுகோலைப் பிடித்துக்கொண்டுதான் நின்றன. அந்த இரண்டு அளவுகோல்களில் எது இந்த ஆட்டத்துக்குப் பொருந்தும் என்று தீர்த்துச் சொல்ல வேண்டிய இடம் போட்டியை நடத்துபவர்களுடையது.

ஆட வராவிட்டால் 200 யூரோ அபராதம் என்ற நிலை ரிப்டோர்ஃப் முன்னால் இருந்தது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 17,000 ரூபாய். தொழில்முறைக் கழகத்துக்கு அது ஒரு தொகையே அல்ல. சந்தாவிலும் ஊர்க்காரர்களின் நன்கொடையிலும் ஓடும் கழகத்துக்கு, அதுவும் கொரோனாவால் வருமானம் படுத்துவிட்ட ஆண்டில், 200 யூரோ யோசிக்க வைக்கும் தொகைதான். பின்னர் செய்தியாளர்களிடம் பேசிய ரிப்டோர்ஃபின் இணைத் தலைவர், தாமாக முன்வந்து ஆடிய ஏழு பேருக்கு நன்றி சொன்னதோடு, அவர்கள் இல்லாவிட்டால் கழகம் இந்த அபராதத்தைச் சந்தித்திருக்கும் என்பதையும் சேர்த்தே சொன்னார்.

ஏழு பேர்

கால்பந்து விதிகளின் மூன்றாம் விதி, ஓர் அணியில் ஏழு பேருக்குக் குறைவாக இருந்தால் ஆட்டம் தொடங்கவோ தொடரவோ கூடாது என்கிறது. அந்த ஏழு பேரில் ஒருவர் கோல்கீப்பராக இருக்க வேண்டும். ரிப்டோர்ஃப் சரியாக ஏழு பேரை இறக்கியது. ஆள் கிடைக்காமல் ஏழு பேரோடு வரும் அணிகளை ஞாயிற்றுக்கிழமை லீக்குகளில் எங்கும் பார்க்கலாம். இங்கே விதி கேட்கும் மிகக் குறைந்த எண்ணிக்கையைக் கணக்குப் பார்த்து நிரப்பியிருக்கிறார்கள். வாக்ஓவர், அதாவது ஆட வராததால் எதிரணிக்கு வெற்றி, என்று பதிவாகாமலிருக்க ஏழு பேர் தேவை. அபாயத்தில் நிற்பவர்கள் அதற்கு மேல் ஒருவர்கூட வேண்டாம்.

நடுவர் விசில் ஊதியதும் ரிப்டோர்ஃப் ஆட்டக்காரர் ஒருவர் பந்தை எதிரணிக்கே தட்டிவிட்டார். அவருடைய அணியினர் எல்லைக்கோட்டை நோக்கி நடந்தார்கள். என்ன நடக்கிறது என்று ஹோல்டன்ஸ்டெட் ஆட்டக்காரர்களுக்கு விளங்கவில்லை என்று ரிப்டோர்ஃப் தரப்பே பிற்பாடு சொன்னது. ஆட்டத்தில் எங்கும் எதிரணியோடு பந்துக்கு மோதாமல், இரண்டு மீட்டருக்கு மேற்பட்ட இடைவெளியைக் காத்து ஆடினார்கள் என்பதே அறிக்கைகள் தரும் சித்திரம்.

செவன்ஸ் ஆட்டம் பார்த்துப் பழகியவர்கள் ஏழு பேர் என்றதும் சிறிய மைதானத்தை நினைக்கக் கூடும். இங்கே அப்படியில்லை. 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்ட முழு மைதானம் என்று வைத்துக்கொண்டால் பரப்பு 7,140 சதுர மீட்டர். கோல்கீப்பரை நீக்கிப் பத்துப் பேர் இருக்கும் அணியில் ஒருவர் காக்க வேண்டிய பரப்பு 714 சதுர மீட்டர்; ஆறு பேர் இருந்தால் 1,190. அந்த ஆறு பேரும் தடுக்கப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டால் இந்தக் கணக்குக்கும் பொருளில்லை. பந்தைப் பெற்றவர் கோலை நோக்கி நேராக நடந்தே போகலாம்.

இதில் இன்னொரு நுணுக்கம் கவனத்துக்கு உரியது. கோல் வாங்கிய அணிதான் அடுத்த கிக்-ஆஃபை எடுக்க வேண்டும் என்பது விதி. அப்படியானால் ரிப்டோர்ஃப் ஆட்டக்காரர் ஒருவர் ஏறக்குறைய முப்பத்தேழு முறை நடுவட்டத்துக்கு வந்து, பந்தை வைத்து, தட்டிக் கொடுத்துவிட்டு விலகியிருக்க வேண்டும். கிக்-ஆஃபின்போது எதிரணியினர் தங்கள் பாதியில், பந்திலிருந்து 9.15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பதும் விதி. நோய்த்தடுப்பு இடைவெளியைக் கால்பந்து விதியே வாங்கித் தந்த கணங்கள் அவை.

கோலுக்கு 146 விநாடி

தொண்ணூறு நிமிடத்தில் 37 கோல் என்றால் சராசரியாக 146 விநாடிக்கு ஒன்று. எதிர்ப்பே இல்லாத ஆட்டத்தில் இது குறைவாகத் தோன்றலாம். ஆனால் ஒரு கோலுக்கும் அடுத்த கோலுக்கும் இடையில் என்னென்ன நடந்தாக வேண்டும் என்று பார்த்தால் அப்படித் தோன்றாது. வலைக்குள் கிடக்கும் பந்தை எடுக்க வேண்டும். ஐம்பது மீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் நடுவட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். கோல் போட்டவர்கள் தங்கள் பாதிக்குத் திரும்ப வேண்டும். நடுவர் குறித்துக்கொண்டு விசில் ஊத வேண்டும். தோற்கும் அணிக்கு அவசரம் எதுவும் இல்லாதபோது இதற்கே ஒரு நிமிடத்துக்குப் பக்கமாக ஆகிவிடும். அதன் பிறகு பந்தை முன்னே கொண்டுபோவது, ஆஃப்சைடில் சிக்காமல் இருப்பது, உதைப்பது. பதினொன்றாம் படியில் ஆடும் ஒருவரின் உதை எல்லா நேரமும் கோலுக்குள் போகாது. கம்பத்துக்கு மேலே போனால் கோல்-கிக், பந்தைத் தேடிப் போகும் நேரம், மறுபடி தொடக்கம்.

இதற்கு 135 ஆண்டுகளுக்கு முன் நடந்த ஓர் ஆட்டத்தோடு ஒப்பிட்டால் விவரம் துலங்கும். 1885 செப்டம்பர் 12, சனிக்கிழமை அன்று ஸ்காட்லாந்தின் கடற்கரை ஊரான ஆர்பிராத்தில், ஸ்காட்டிஷ் கோப்பையின் முதல் சுற்றில், ஆர்பிராத் அணி அபர்டீனிலிருந்து வந்த போன் அக்கார்ட் அணியை 36–0 என வென்றது. லீக் ஆட்டமல்ல, நாக்-அவுட். ஆனால் ஆடியவர்கள் அமெச்சூர்கள்தான், ஸ்காட்லாந்தில் தொழில்முறை ஆட்டம் 1893இல்தான் அனுமதிக்கப்பட்டது. இடைவேளையில் 15–0. ஜான் பெட்ரி என்ற இளைஞர் தனியாக 13 கோல் போட்டார். ஆர்பிராத் கோல்கீப்பருக்கு வேலையே இல்லாததால், மழைக்குப் பார்வையாளர் ஒருவரின் குடைக்கடியில் ஒதுங்கி நின்றார் என்பார்கள். பந்து 41 முறை கம்பங்களுக்கிடையே போனதாகவும் அவற்றுள் ஐந்து செல்லாது என்று அறிவிக்கப்பட்டதாகவும் அன்றைய விளையாட்டு இதழ் எழுதியது; நடுவர் டேவ் ஸ்டார்மோன்ட்டோ, தாம் ஏழு கோல்களை மறுத்ததாகவும் அதற்காக வருந்துவதாகவும் பிற்காலத்தில் சொன்னார். அதே நாளில் பக்கத்து டண்டீ நகரில் டண்டீ ஹார்ப் அணி அபர்டீன் ரோவர்ஸை 35–0 என வென்றிருந்தது. நடுவர் 37 என்று குறித்திருந்தார் என்றும், வென்ற அணியின் செயலாளரே 35 என்று திருத்தினார் என்றும் சொல்லப்படுகிறது. திருத்தாமல் விட்டிருந்தால் ஆர்பிராத்துக்கு இன்றைக்கு இவ்வளவு பெயர் இருந்திருக்காது.

ஆர்பிராத்தின் வேகம் கோலுக்கு 150 விநாடி. ஹோல்டன்ஸ்டெட்டின் வேகம் 146. அன்று கோல் வலை கிடையாது. லிவர்பூல் பொறியாளர் ஜான் பிரோடி அதைக் கண்டுபிடித்தது 1889இல். ஆகவே ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் பந்தைத் துரத்திப் போய் எடுத்துவர வேண்டியிருந்தது. அந்த இழப்பைக் கழித்துப் பார்த்தால் ஆர்பிராத் இன்னும் வேகமாகவே ஆடியிருக்கிறது. பதினொரு பேர் தட்டுத்தடுமாறித் தடுத்த ஆட்டத்திலும், ஏழு பேர் தடுக்கவே மறுத்த ஆட்டத்திலும் கணக்கு ஏறத்தாழ ஒன்றாக வருவது தற்செயல் அல்ல என்பது என் கருத்து. தன் முயற்சியால் மட்டும் கோல் போடும் ஓர் அணி இரண்டரை நிமிடத்துக்கு ஒன்று என்ற வரம்பை அதிகம் தாண்ட முடியாது. ஆட்டத்தை மறுபடி தொடங்குவதற்கு ஆகும் நேரமே தடுத்துவிடும். 2001 ஏப்ரலில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஆஸ்திரேலியா அமெரிக்க சமோவாவை 31–0 என வென்றபோதுகூட, பெட்ரியைப் போலவே ஆர்ச்சி தாம்ப்சன் 13 கோல் போட்டும், வேகம் கோலுக்கு 174 விநாடிதான்.

அந்த வரம்பு உடைந்த ஆட்டங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒவ்வொன்றிலும் தோற்ற தரப்பின் கை இருக்கிறது. 2002 அக்டோபர் 31 அன்று மடகாஸ்கரில் ஏ.எஸ். அடேமா 149–0 என வென்றது. அந்த 149 கோல்களையும் எதிரணியான எஸ்.ஓ.எல். எமிர்ன் தன் கோலுக்குள்ளேயே போட்டுக்கொண்டது. முந்தைய ஆட்டத்தில் நடுவர் கொடுத்த ஒரு பெனால்டியால் பட்டம் கைநழுவிய கோபத்தைக் காட்டும் வழி அது. அடேமா வீரர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோலுக்கு 36 விநாடி. சுய கோலுக்கு மட்டுமே இந்த வேகம் வாய்க்கும். ஏனென்றால் கோல் வாங்கியவர்களிடமே கிக்-ஆஃப் வருகிறது, அவர்களிடமே மறுபடி பந்து, மறுபடி தங்கள் கோலை நோக்கி ஓர் உதை. எமிர்ன் பயிற்சியாளருக்கு மூன்றாண்டுத் தடை விதிக்கப்பட்டது.

2013 ஜூலையில் நைஜீரியாவில் நடந்ததில் கோபம் இல்லை, பேராசை இருந்தது. கீழ்மட்ட லீக்குக்கு ஏறுவது கோல் வித்தியாசத்தைப் பொறுத்திருந்த நிலையில், ஒரே நாளில் பிளேட்டோ யுனைடெட் ஃபீடர்ஸ் 79–0 எனவும் போலீஸ் மெஷின் 67–0 எனவும் வென்றன. முதல் ஆட்டத்தில் இடைவேளையின்போது கணக்கு 7–0 மட்டுமே. மிச்சம் 72 கோல்கள் இரண்டாம் பாதியில் விழுந்தன: 37.5 விநாடிக்கு ஒன்று. நைஜீரியக் கால்பந்துக் கூட்டமைப்பு நான்கு அணிகளையும் தடை செய்தது. விசாரணை நடத்துகிறவர் வேறு எந்தச் சாட்சியையும் கூப்பிடும் முன்பே இந்த விநாடிக் கணக்கைப் பார்த்திருந்தால் போதும். வென்றவர்கள் மட்டும் உழைத்து அந்த வேகத்தை எட்ட வழியே இல்லை.

இந்த வரிசையில் வைத்துப் பார்க்கும்போது ரிப்டோர்ஃப் மீது சுமத்தப்படக் கூடிய ஒரு குற்றச்சாட்டு விழுந்துவிடுகிறது. அவர்கள் ஆட்டத்தைக் கேலிக்கூத்தாக்கவில்லை. தங்கள் கோலுக்குள் தாங்களே பந்தை அடிக்கவில்லை. கணக்கை ஏற்ற உதவவும் இல்லை. தடுக்காமல் நின்றார்கள், அவ்வளவே. 37 கோல்களுக்கான உழைப்பு முழுவதும் ஹோல்டன்ஸ்டெட்டுடையது.

வென்றவர்கள் ஏன் நிறுத்தவில்லை

ஐந்து கோலோடு நிறுத்தியிருக்கலாமே, பந்தைத் தங்களுக்குள் தட்டிக்கொண்டு நேரத்தைக் கழித்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு இந்தக் கேள்வியில் முழு உடன்பாடு இல்லை. லீக் பட்டியலில் புள்ளிகள் சமமானால் கோல் வித்தியாசம்தான் முதலில் பார்க்கப்படுகிறது. பருவத்தின் தொடக்கத்தில் 37 கோல் கிடைக்கிறது என்றால், எந்த அமெச்சூர் அணியும் அதை வேண்டாம் என்று சொல்லாது. எதிரணிக்கு இரக்கம் காட்டி நிறுத்துவதுதான் மரியாதை என்பதும் எப்போதும் சரியாக இருக்காது. உழைத்துத் தோற்கும் அணிக்கு அது ஆறுதலாக இருக்கலாம். உழைக்க மறுத்து நிற்கும் அணிக்கு அதனால் எதுவும் கூடவோ குறையவோ போவதில்லை.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இது என் ஊகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொற்று இல்லை என்று முடிவு வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறவர்களைப் பார்த்து, பக்கத்து ஊர்க்காரர்கள் விசில் ஊதியதும் ஒதுங்கிப் போகிறார்கள். காரணம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் பார்வைக்கு அது ‘உங்களிடம் நோய் இருக்கிறது’ என்று பலர் முன்னிலையில் சொல்வதாகத்தான் இருக்கும். அந்தக் குத்தல் கோல்களாக வெளிப்பட்டிருந்தால் வியப்பில்லை.

என்றாலும் 37 என்ற எண்ணை ஹோல்டன்ஸ்டெட்டின் பெருமையாகக் கொண்டாடவும் முடியாது. ஆட்டத்தின் தரத்தைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை. ஆர்பிராத்தின் 36–0 வேறு வகை: அந்த அணி அதே பருவத்தில் அடுத்தடுத்த சுற்றுகளிலும் வென்று, கடைசியில் ஹிபர்னியனிடம்தான் தோற்றது. அதன் முன்வரிசை உண்மையிலேயே வலியது என்பதற்கு அதுவே சான்று. ஹோல்டன்ஸ்டெட் இரண்டாம் அணி எவ்வளவு வலியது என்பதை ரிப்டோர்ஃப் ஆட்டத்தை வைத்து அளக்க வழி இல்லை.

விதி திறந்துவைத்த வழி

விவகாரத்தின் முடிச்சு மைதானத்தில் இல்லை, அட்டவணையில் இருக்கிறது. ரிப்டோர்ஃப் முன்னால் இருந்த வழிகளை எண்ணிப் பார்த்தால் இது தெரியும். பதினொரு பேரை இறக்கி வழக்கம்போல ஆடுவது: செலவில்லை, ஆனால் அவர்கள் அஞ்சிய அபாயம் முழுதாக இருக்கிறது. ஆட வராமல் இருப்பது: அபாயமில்லை, ஆனால் 200 யூரோ. ஏழு பேரை நிறுத்தி ஒதுங்குவது: செலவில்லை, அபாயமும் மிகக் குறைவு, போவது மானமும் கோல் வித்தியாசமும். புள்ளிகள் எப்படியும் போய்விட்டன. மேசையில் உட்கார்ந்து கணக்குப் போடும் எவரும் மூன்றாவதைத்தான் தேர்ந்திருப்பார்கள். ஒரு போட்டி விதி, ஆடாமல் ஆடுவதையே மலிவான வழியாக ஆக்கிவைத்திருந்தால், அந்த வழியில் நடந்தவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை.

அபராதம் தேவையற்றது என்பது என் வாதமல்ல. ஆள் சேரவில்லை, மழை பெய்கிறது, எதிரணி பலமானது என்ற சாக்குகளால் ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டத்தைக் கைவிடும் அணிகள் எல்லா நாட்டு அமெச்சூர் லீக்குகளுக்கும் தலைவலிதான். எதிரணி வந்து காத்திருக்கும், மைதானம் கோடு போட்டுத் தயாராக இருக்கும், நடுவர் தம் காரில் வந்திருப்பார். அபராதம் இல்லாவிட்டால் பருவமே கலைந்துவிடும். ஆனால் அந்த அபராதம் சோம்பலைத் தண்டிக்க எழுதப்பட்டது. தொற்றுநோய்க் காலத்தில், தொடர்பு உண்டா இல்லையா என்ற உண்மையான ஐயத்தோடு வருகிறவர்களுக்கும் அதே தண்டனையை நீட்டியதில்தான் கோளாறு. தொடர்பு நாளிலிருந்து 14 நாள் முடியாத நிலையில் இரு அணிகளில் எது கேட்டாலும் ஆட்டம் அபராதமின்றித் தள்ளிப்போகும் என்று ஒரே ஒரு வரி பருவத் தொடக்கத்திலேயே எழுதப்பட்டிருந்தால், இந்த ஆட்டம் பின்னொரு ஞாயிற்றுக்கிழமை சாதாரணமாக நடந்திருக்கும். யூல்ட்சனுக்கு வெளியே யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

நடுவரின் நிலையும் இரக்கத்துக்கு உரியது. ஏழு பேர் இருக்கிறார்கள், கிக்-ஆஃப் எடுக்கிறார்கள், யாரையும் இடிக்கவில்லை, வேண்டுமென்று தாமதப்படுத்தவும் இல்லை என்றால், முயற்சி செய்யவில்லை என்பதற்காக அட்டை காட்ட விதிநூலில் இடமில்லை. மைதானத்தில் நடந்ததைக் குறித்துக்கொள்வதைத் தவிர அவரால் வேறொன்றும் செய்திருக்க முடியாது.

பிற்சேர்க்கையாக ஒன்று. ஏழு வாரம் கழித்து, நவம்பர் 2 முதல் ஜெர்மனியில் மறுபடி கட்டுப்பாடுகள் வந்து அமெச்சூர் கால்பந்து நின்றுபோனது. பிறகு லோயர் சாக்சனியின் அமெச்சூர் லீக்குகளில் 2020–21 பருவமே ரத்தானது. யாருக்கும் ஏற்றமில்லை, இறக்கமில்லை. ஹோல்டன்ஸ்டெட் சேர்த்துவைத்த மூன்று புள்ளிகளும் 37 கோல் வித்தியாசமும் எந்தப் பட்டியலிலும் பயன்படவில்லை.